ஐந்தாவது அறை

பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியர் என்றால் படம் வரையச் சொல்லிக்கொடுப்பவர் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எங்கள் வேலையில் கால்வாசி. விளையாட்டு விழாவுக்கு வளைவு எழுதுவது, பிஷப் வந்தால் வரவேற்புப் பலகை, கழிப்பறைக் கதவில் 'ஆசிரியர்களுக்கு மட்டும்', பரிசு வாங்கிய பிள்ளைகளின் பெயரைச் சான்றிதழில் அழகான கையெழுத்தில் நிரப்புவது, இவையெல்லாம் போக மிச்சமிருக்கிற நேரத்தில்தான் வகுப்பு. அதிலும் மிச்சமிருந்தால் எங்களுக்காகக் கொஞ்சம் வரைந்துகொள்வோம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் அப்படி வரைகிற ஐந்து பேர் சேர்ந்து, கோடை விடுமுறையில் ஒரு வாரம் கண்காட்சி நடத்துகிறோம். திருநகரில் நான் போகிற சர்ச்சின் கூடம்தான் இடம். செயலாளர் நான். செயலாளர் என்றால் கூடத்துச் சாவியை வாங்கி வருபவர், நாற்காலி குறைந்தால் திட்டு வாங்குபவர்.

நான் பஸ் வரைவேன். வேறு எதையும் வரைய எனக்கு ஆசை வந்ததில்லை. பேரையூர் பஸ், உசிலம்பட்டி பஸ், பெரியார் நிலையத்தில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் படிக்கட்டில் ஆள் தொங்கும் டவுன் பஸ். பச்சை, சிவப்பு, மஞ்சள், எல்லாம் கொட்டிவைத்தமாதிரி இருக்கும். கூடத்துக்குள் வருகிற எல்லாரும் வாசலிலேயே என் பஸ்ஸைப் பார்த்துவிடுவார்கள். "நல்லாருக்கு சார்" என்பார்கள். சொல்லிவிட்டு நிற்காமல் நடப்பார்கள்.

அவர்கள் நடந்து போய் நிற்கிற இடம் எழுமலை டீச்சரின் படம். அவர் அரசுப் பள்ளியில் பகுதி நேர ஓவிய ஆசிரியர். வாரத்துக்கு மூன்று நாள் வேலை. பிறந்தது பேரையூருக்குத் தெற்கே கரிசல் காட்டில், வாழ்க்கைப்பட்டது எழுமலையில், இரண்டு பக்கமும் காடு உழுகிற சம்சாரிக் குடும்பங்கள். வரைவது ஒன்றே ஒன்று. கோடையில் வெடித்துக் கிடக்கிற கரிசல் தரை. இரண்டு அடி உயரமும் பன்னிரண்டு, பதினைந்து அடி நீளமும் உள்ள சுருள் தாளில், மெல்லிய பேனாவால், வெடிப்பு வெடிப்பாக. தள்ளி நின்று பார்த்தால் அழுக்குத் துணியைக் காயப்போட்டதுபோல் இருக்கும். குனிந்து மூக்கு படுகிற அளவுக்குப் போனால்தான் தெரியும்: வெடிப்புக்குள் எறும்பு, பருத்திக் குச்சியின் அடிக்கட்டை, ஆட்டுப் புழுக்கை, அறுந்துபோன செருப்பு வார், ஒரு பித்தான், காய்ந்த ஓணானின் வால். ஒவ்வொன்றும் அரிசி அளவு. ஒருமுறை பேரையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். "இது எங்க காடாச்சே. இந்தக் குழியில நான் விழுந்திருக்கேன்" என்றார்.

பொறாமை என்ற சொல்லை ஒளிக்க வேண்டியதில்லை. எனக்குப் பொறாமை இருந்தது. நான் அவருக்குப் பதினைந்து வருஷம் முன்னால் வரைய ஆரம்பித்தவன்.

அவர் வீட்டில் இம்புட்டு நீளத் தாளை விரிக்க இடம் கிடையாது. இரண்டு ஸ்டூல்மேல் ஒரு பலகையைப் போட்டு, வலது பக்கம் விரித்து இடது பக்கம் சுருட்டிக்கொண்டே வரைவார். ஒரு சமயத்தில் இரண்டு அடிதான் கண்ணுக்குத் தெரியும். முடித்த படத்தை முழுதாக அவர் பார்ப்பதே எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டிய பிறகுதான். ஒவ்வொரு வருடமும் மாட்டியவுடன் எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டு, "இப்பத்தான் சார் முழுசாப் பாக்குறேன்" என்பார். சில இடங்கள் அவருக்குப் பிடிக்காது. முடித்து மாட்டிய பிறகு பிடிக்காமல் போய் என்ன செய்ய?

போன வருடம் வெளிமாநிலத்து அறக்கட்டளை ஒன்றிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஓவிய ஆசிரியர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் தங்க இடம் கொடுக்கிறார்கள். வகுப்பு எடுக்க வேண்டாம், பலகை எழுத வேண்டாம், வரைந்தால் போதும். வேலை செய்கிற அறையில் முப்பது அடி நீளத்துக்கு ஒரு வெற்றுச் சுவர் இருக்கிறது என்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்கள். தேர்வு செய்கிற அம்மையாரால் மதுரைக்கு வர முடியாது. கண்காட்சியை இணையத்திலும் வைத்தால் அந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள் பார்த்து முடிவு செய்வாராம்.

கடிதத்தை மற்ற நான்கு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். "முப்பது அடிச் சுவரா சார்?" என்றார் எழுமலை டீச்சர். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுநாள் போன் செய்து, வீட்டுக்காரரிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். "போயிட்டு வா, மாட்டை நான் பாத்துக்கிறேன்னுட்டாங்க சார்." தேர்வே நடக்கவில்லை, இவர் மாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையில் சிரிப்பு மட்டும் வரவில்லை. எனக்கும் அந்த ஆறு மாதம் வேண்டியிருந்தது.

இணையத்தில் வைப்பது என்றால் எப்படி வைப்பது? எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள், திருமங்கலம் சாலையில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அண்ணே என்பார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி எதுவானாலும் துபாயில் இருக்கிற சொந்தக்காரர்கள் அப்போதே பார்க்கும்படி நேரலையாக ஓட்டுவார். ஐந்து பேரும் ஒரு சனிக்கிழமை அவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்தோம். மணமக்கள் நிற்கிற நீலத் திரையைச் சுருட்டி வைத்துவிட்டு எங்களுக்கு நாற்காலி போட்டார்.

முதலில் அவர் காட்டியது வீடியோ. படங்களை வரிசையாக ஓடவிட்டு, நாதஸ்வரம் சேர்த்து, ஒரு படம் போய் இன்னொரு படம் வரும்போது ரோஜா இதழ் உதிரும். என் உசிலம்பட்டி பஸ் ஒரு இதய வடிவத்துக்குள்ளிருந்து சுழன்று வெளியே வந்தது. "அதெல்லாம் எடுத்துரலாம்ணே, மாதிரிக்குத்தான்" என்றார். இதயத்தை எடுத்தாலும் வீடியோவில் ஒரு சங்கடம் இருந்தது. எந்தப் படத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பார்க்கிறவர் முடிவு செய்ய முடியாது, ஸ்டுடியோக்காரர்தான் முடிவு செய்வார். அது வேண்டாம் என்பதில் ஐவருக்கும் ஒரே கருத்து. அப்படி நாங்கள் ஒத்துப்போவது அபூர்வம்.

இரண்டாவது, ஒரு சாதாரணப் பக்கம். படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பின்னணி வெள்ளை. எந்தப் படத்தை விரலால் தொட்டாலும் பெரிதாகும், இழுக்க இழுக்கப் பெரிதாகிக்கொண்டே போகும். எழுமலை டீச்சரின் படத்தை அதற்காகவே பதினான்கு துண்டாகப் படம் பிடித்து ஒட்டியிருந்தார் ஸ்டுடியோக்காரர். டீச்சர் திரையில் விரலை வைத்து இழுத்தார். எறும்பு வந்தது. இன்னும் இழுத்தார். எறும்பின் கால் வந்தது. "ஆத்தாடி" என்றார். வரைந்தவர் அவர்தான்.

மூன்றாவதுதான் அந்த 3D மண்டபம். திரையில் ஒரு பெரிய கட்டிடம் இருக்கும். பளிங்குத் தரை, மேலேயிருந்து விளக்கு. அம்புக்குறியைத் தொட்டால் நாம் நடப்பதுபோல் உள்ளே போகலாம். ஆளுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு கதவு. ஸ்டுடியோக்காரர் முதல் அறைக்குள் நுழைந்து திரும்பினார். எதிர்ச் சுவரில், விளக்கு வெளிச்சத்தில், என் பேரையூர் பஸ் நின்றது. இருபத்தெட்டு வருடமாக டியூப் லைட் வெளிச்சத்தில் படம் மாட்டியவன் நான். அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்கு முடிவு ஆகிவிட்டது. காரணங்களைப் பிறகுதான் தேடினேன்.

அந்த மண்டபம் படத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. பெரிய படத்தையும் சுருக்கித்தான் சுவரில் மாட்டும். என் பஸ்ஸுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. டீச்சரின் பதினைந்து அடி, சுவரில் ஒரு சாம்பல் பட்டையாகத் தெரிந்தது.

"சார், எம் படத்துக்குக் கிட்டக்கப் போக முடியுமா?" என்று கேட்டார் டீச்சர்.

"போகலாம் டீச்சர்" என்றார் ஸ்டுடியோக்காரர். "ஆனா கிட்டப் போனாக் கலங்கிரும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "ஓவியம்னா தள்ளி நின்னுதானே டீச்சர் பாக்கணும்."

எந்த ஓவியத்துக்கும் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அது எனக்கும் தெரியும், அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு சீனியர் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று நினைப்பது நம் ஊர் வழக்கம். பென்சிலால் வரைகிறவர் மட்டும் டீச்சர் பக்கம் நின்றார். வாட்டர் கலர்க்காரரும் துணியில் ஒட்டு வேலை செய்கிறவரும் மண்டபம் என்றார்கள். இரண்டுக்கு இரண்டு. செயலாளர் வாக்கு மிச்சம். தேர்வு செய்கிற அம்மையார் பெரிய பெரிய இடமெல்லாம் பார்த்தவர், வெள்ளைப் பக்கத்தில் வரிசையாக ஒட்டி அனுப்பினால் ரேஷன் கடைப் பட்டியல்போல் இருக்காதா என்று கேட்டு, என் வாக்கை மண்டபத்துக்குப் போட்டேன். அறை பிரிக்கும்போது டீச்சர் கடைசியாகப் பெயர் கொடுத்தார். அவருக்கு ஐந்தாவது அறை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடத்தில் கண்காட்சி ஆரம்பமானது. அன்று சாயங்காலமே மண்டபத்தின் இணைப்பை எல்லாருக்கும் அனுப்பினோம். சொந்தக்காரர்கள் குரூப், பழைய மாணவர்கள் குரூப், சபை குரூப். ஆளுக்கு அவரவர் அறையின் இணைப்பு. அந்த மண்டபத்தின் அமைப்பில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஓவியரின் புகைப்படம் கட்டாயம் இருக்க வேண்டும். நாங்கள் கொடுத்தது பாஸ்போர்ட் படங்கள். ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணி வைத்து, கீழே பெயர், ஊர், பிறந்த தேதி போட்டு, வெறுமையாக இருக்கிறதே என்று இரண்டு பக்கமும் ஒவ்வொரு குத்துவிளக்கு வைத்திருந்தார். இணைப்பை அனுப்பும்போது போனில் முதலில் தெரிவது அந்தப் படம்தான். அஞ்சலி பேனர் அடிக்கிற கை அவருக்கு. பார்த்த எங்கள் ஐந்து பேருக்கும் கூட அது உறைக்கவில்லை. விளக்கு நன்றாக இருக்கிறது என்று நானே சொன்னேன்.

நாங்கள் மற்ற நான்கு பேரும் டவுன்காரர்கள். எங்கள் சொந்தக்காரர்கள் தொட்டுத் திறந்து பார்த்தார்கள். என் மைத்துனர் மட்டும் போன் செய்து, "மாப்ள, நல்லாத்தானே இருக்கீங்க?" என்று பொதுவாக விசாரித்தார். எழுமலையிலும் பேரையூர்ப் பக்கத்திலும் சிக்னல் கிடைக்கிற இடம் குறைவு. அறை திறக்கவில்லை. படம் மட்டும் வந்தது. கறுப்புப் பின்னணி, இரண்டு விளக்கு, டீச்சரின் முகம், பிறந்த தேதி. இறந்த தேதி இல்லையே என்று யாரும் யோசிக்கவில்லை. இன்றைக்குத்தானே, அதனால் போடவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

திங்கள்கிழமை காலையில் டீச்சர் வழக்கம்போல முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார். கூடத்துக்குள் போனை அணைத்துவைப்பது அவர் பழக்கம். வீட்டுக்காரர் போனை வீட்டில் போட்டுவிட்டுத் தீவனம் வாங்கப் போயிருந்தார். இரண்டு பேரும் எடுக்காததால் செய்தி உறுதியாகிவிட்டது. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணை நிறைந்து, பதினொரு மணிக்கு வாசலில் சாமியானாவுக்கு ஆள் சொல்லி, மதியம் அவருடைய அண்ணன், இறந்தவளுக்குப் போர்த்துகிற பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்து இறங்கினார். உடம்பு மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தீவன மூட்டையோடு திரும்பிய வீட்டுக்காரர், கூட்டத்தைப் பார்த்து, தனக்குத் தெரியாமல் மனைவிக்கு என்னவோ ஆகிவிட்டதென்று தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் டீச்சர் பஸ்ஸைவிட்டு இறங்கித் தன் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது, பெண்கள் அவர் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள்.

இதைச் சொல்லி நாங்கள் பின்னால் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம். டீச்சரும் சிரிப்பார். அன்று அவர் சிரிக்கவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். அவர்தான் அன்று எனக்குப் போன் செய்தது.

"சார், அந்தப் படத்தை எடுத்துருங்க. இன்னும் ஆளு வந்துக்கிட்டே இருக்காக. எங்க மச்சான் கோடியைக் கையில வச்சுக்கிட்டுத் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாம, வைக்கவும் முடியாம நிக்கிறாரு."

ஸ்டுடியோக்காரரிடம் சொன்னேன். வாசல் படத்தை மட்டும் எடுக்க வழியில்லை, எடுத்தால் அறையே திறக்காது என்றார். விளக்கில்லாமல் வேறு படம் வைத்துக் கதவைப் புதிதாகச் செய்ய வேண்டும். செவ்வாயிலிருந்து வியாழன் வரைக்கும் ஒரு பெரிய கல்யாணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை முடித்துத் தருகிறேன் என்றார். அதுவரை ஐந்தாவது அறையைப் பூட்டச் சொன்னேன். மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தேன். நான்கு கதவுகள் திறந்திருந்தன. ஐந்தாவது கதவில் முகம் இல்லை, அவர் ஓவியத்தின் ஒரு மூலை மட்டும் ஸ்டாம்பு அளவில் ஒட்டியிருந்தது. தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை.

புதன்கிழமை மதியம் கூடத்தில் கூட்டமில்லை. தனியாக உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் அன்று வரவில்லை. வீட்டில் வந்து போகிறவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். தேர்வு செய்கிற அம்மையாரிடமிருந்து மெயில் வந்தது. நான்கு அறைகளைப் பார்த்துவிட்டாராம். ஐந்தாவது திறக்கவில்லை. அதைப் பார்க்காமல் முடிவு செய்ய விரும்பவில்லை, வேறு எந்த வகையிலாவது அந்தப் படத்தை வியாழன் மாலைக்குள் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

பதினான்கு துண்டாக எடுத்து ஒட்டிய அந்தப் பெரிய படம், எறும்பின் கால் வரைக்கும் தெரிகிற படம், ஒரு பென்டிரைவில் என் பையில் இருந்தது. கூடத்தின் ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் இருந்தது. சாவியும் என்னிடம்தான்.

நான் சாப்பிட்டு முடித்தேன். டப்பாவைக் கழுவினேன். வியாழக்கிழமை காலையில் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை காலையில், வெள்ளிக்கிழமை அறையே திறந்துவிடுமே, படத்தை மட்டும் தனியாக எதற்கு என்று நினைத்தேன். மதியம், அறை பூட்டியிருப்பதற்கு நானா காரணம் என்று கேட்டுக்கொண்டேன். பதில் எனக்கு வசதியாக வந்தது. ஸ்டுடியோக்காரர், குத்துவிளக்கு, எழுமலை சிக்னல், கோடிச் சேலை, எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நான் அந்த வரிசையில் இல்லை. சாயங்காலம் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை ஸ்டுடியோக்காரர் கதவைத் திறந்து கொடுத்ததும், "தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது, தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதினேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது அதில். முடிவை நேற்றே அறக்கட்டளைக்கு அனுப்பிவிட்டதாக அம்மையார் பதில் போட்டார்.

சனிக்கிழமை படங்களைக் கழற்றும்போது டீச்சர் கேட்டார்: "அந்தம்மா பாத்துட்டாங்களா சார்?"

"பாத்திருப்பாங்க டீச்சர்" என்றேன்.

அவர் படத்தைச் சுருட்டி உறையில் போட்டார். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் என் பெயருக்கு வந்தது. முதலில் போன் செய்து வாழ்த்தியதும் அவர்தான். "பஸ்ஸு பஸ்ஸா வரைஞ்சு தள்ளிருங்க சார்" என்றார்.

சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். முப்பது அடிச் சுவர் இருந்தது. கடிதத்தில் எழுதியிருந்தபடியே வெள்ளையாக, ஆணியடித்த தடம்கூட இல்லாமல் இருந்தது. என் படங்கள் மூன்றடிக்கு இரண்டடி. ஒரு மூலையில் நான்கு பஸ்ஸை மாட்டினேன். மிச்சச் சுவர் அப்படியே கிடந்தது. பெரிதாக வரைந்து பார்த்தேன். பஸ் பெரிதானதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டுக்குச் சொன்னேன். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. தேர்வு செய்த அம்மையாரை ஒருமுறை பார்த்தேன். நல்ல மனுஷி. உங்கள் ஐவரில் அந்த ஐந்தாவது ஆள் இன்னும் வரைகிறாரா என்று கேட்டார். வரைகிறார் என்றேன். அவமானமாக இருந்தது. அதைத் தவிர அங்கிருந்து நான் கொண்டுவந்தது என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

இந்த வருடக் கண்காட்சிக்கு மறுபடியும் அதே ஸ்டுடியோவில் கூடினோம். அறக்கட்டளையிலிருந்து இந்த வருடம் கடிதம் எதுவும் வரவில்லை. இருந்தாலும் வெளியூர்க்காரர்கள் பார்க்கட்டுமே என்று இணையத்திலும் வைப்பதாக முடிவானது. நான் முந்திக்கொண்டு, மண்டபம் வேண்டாம், இழுத்துப் பெரிதாக்குகிற சாதாரணப் பக்கமே போதும் என்றேன். யாரும் எதிர்க்கவில்லை. ஸ்டுடியோக்காரருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

"எம் படம் இணையத்துல வேண்டாம் சார்" என்றார் எழுமலை டீச்சர். "கூடத்துல மட்டும் மாட்டுறேன். வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. உசுரோட இருக்கிறவளுக்குக் கோடி வந்த வீடு, மறுபடி அந்த வம்பு எதுக்குங்கிறாங்க. என்னாலயும் அம்புட்டுப் பேருக்கும் பதில் சொல்ல முடியல. அந்தம்மா பாத்தும் ஒண்ணும் ஆகலையே சார், அப்புறம் எதுக்கு?"

மற்றவர்கள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு அந்தக் கடைசி வாக்கியத்தைத் தாண்டி எதுவும் கேட்கவில்லை. அந்தம்மா பாத்தும். ஒரு வருடமாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தன் படத்தைப் பார்த்து, வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், திருமங்கலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவரிடம் போனேன். "டீச்சர், அவங்க உங்க படத்தைப் பாக்கவே இல்ல" என்றேன். மெயில் வந்ததையும், பென்டிரைவ் என் பையில் இருந்ததையும், நான் அனுப்பாமல் இருந்ததையும் சொன்னேன். மறந்துவிட்டேன் என்று சொல்லலாமா என்று வாயெடுக்கும்போதுகூடத் தோன்றியது. மறக்கவில்லை என்றும் சொல்லிவிட்டேன். ஒரு பஸ் வந்து நின்று போனது. அவர் ஏறவில்லை.

ஏச்சு வரும் என்று நின்றேன். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"என்ன எழுதியிருந்தாங்க சார்? அப்படியே வாசிங்க" என்றார்.

போனில் தேடி எடுத்தேன். அந்த மெயிலை நான் ஏன் அழிக்காமல் வைத்திருந்தேன் என்று தெரியாது. இங்கிலீஷில் ஒருமுறை வாசித்து, தமிழிலும் சொன்னேன். "ஐந்தாவது அறை திறக்கவில்லை. கதவில் ஒட்டியிருக்கும் சிறு துண்டைப் பார்த்தால், அந்தப் படத்தை மிக அருகில் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதைப் பார்க்காமல் முடிவு செய்ய எனக்கு விருப்பமில்லை. வேறு வழியில் அனுப்ப முடியுமா?"

"கிட்டக்கப் போய்ப் பாக்கணும்னா எழுதியிருக்காங்க?"

"ஆமா டீச்சர்."

"இன்னொரு தடவை வாசிங்க சார்."

வாசித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கோபம் வந்த முகத்தை எதிர்பார்த்து நின்றவனுக்கு அதைப் பார்க்க முடியவில்லை, ரோட்டைப் பார்த்தேன். அடுத்த திருமங்கலம் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அதை எனக்கு அனுப்பிவிடுங்க சார். வீட்டுல காட்டணும்."

அங்கேயே நின்று அனுப்பினேன். பஸ் வந்து நிற்பதற்கு முன்பே அவர் பைக்குள் இருந்த போன் சத்தம் கொடுத்தது. அனுப்ப ஒரு நொடிகூட ஆகவில்லை.